டப்ஸ்டெப் கேட்க ஒரு சப்வூஃபர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் பத்து அங்குல சப்வூஃபர் பெட்டி ஒன்றையும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசையைக் கேட்பதற்காகவே பயன்படுத்தி வருகிறேன். மற்ற இசைகளுக்கு எப்படியோ, இந்த இசைக்குச் சப்வூஃபர் கூடுதல் வசதி அன்று; அது இல்லையென்றால் இசையின் அடித்தளமே நம்மை வந்தடைவதில்லை.

டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 துடிப்புகள். ஆனால் ஸ்னேர் என்னும் கூர்மையான டிரம் அடி, நான்கு துடிப்புகளில் பெரும்பாலும் மூன்றாவதில் மட்டுமே விழுவதால், நடை பாதி வேகத்தில் செல்வதாகவே உடல் உணர்கிறது. அவ்வாறு தாளத்தினிடையே விடப்படும் வெற்றிடத்தில்தான் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஆழ்ந்த பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இயங்குகிறது. கைப்பேசி ஸ்பீக்கரால் அதை எழுப்ப இயலாது. டப்ஸ்டெப் தயாரிப்பாளர் ஸ்கிரீமின், 2005இல் வெளிவந்த 'மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்' இசையைக் கைப்பேசியில் கேட்பவருக்கு மேலே ஓடும் மெட்டு தெளிவாகக் கேட்பதால், முழுவதையும் கேட்டுவிட்டதாகவே அவர் எண்ணக்கூடும்.

2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் குரோய்டனில் யூகே கராஜ் என்ற பிரிட்டிஷ் நடன இசையிலிருந்து உருப்பெற்ற இந்த இசைக்கு, ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் மரபும், அதாவது பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் வழக்கமும், தாய்வீடு. மாலா, கோக்கி, லோஃபா ஆகிய டப்ஸ்டெப் கலைஞர்கள் 2005இல் லண்டனின் பிரிக்ஸ்டனில் நடத்தத் தொடங்கிய டிஎம்இசட் என்ற நடன இரவுகளில், புதிய இசையை டப்பிளேட் என்னும் தனிப்பிரதி இசைத்தட்டாக வெட்டிக் கொண்டுவந்து, பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளில் ஒலிக்கவிட்டார்கள். நெஞ்சுக்கூட்டில் அதிரவேண்டும் என்றே இயற்றப்பட்ட இசை இது.

வீட்டில் அந்த அளவை எட்ட முடியாது. ஆழத்தை ஓரளவு எட்டலாம். அதற்கு விலையைவிட இடமே முக்கியம் என்பதை நீண்ட பயன்பாட்டில் உறுதியாகக் கண்டேன். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். என் அறையின் நீளம் அதில் பாதி என்பதால், அந்தச் சுரம் சுவரோரத்தில் பெருகி, அறையின் நடுவே மெலிந்துபோகும். பெட்டியையும் நாற்காலியையும் சிறிது சிறிதாக நகர்த்திக் கிடைத்த தெளிவை, ஆம்ப்ளிஃபையரை மாற்றியபோதுகூட நான் பெறவில்லை. சப்வூஃபருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தியிருக்கிறேன். பாஸைத் தேவைக்கு மேல் கூட்டினால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, அந்த அருமையான வெற்றிடம் அடைபட்டுவிடுகிறது.

இரவில் அண்டை வீட்டாருக்காக ஹெட்ஃபோனுக்கு மாறுகிறேன். நல்ல ஹெட்ஃபோனில் 30 ஹெர்ட்ஸும் கேட்கிறது, ஆனால் உடலில் படுவதில்லை.

2010ஐ ஒட்டி அமெரிக்கத் தயாரிப்பாளர் ஸ்கிரில்லெக்ஸ் போன்றோரால் பரவலான டப்ஸ்டெப் வகையில், பாஸின் உறுமல் நடு அதிர்வெண்களுக்கு ஏறிவிட்டது. அதை மட்டும் கேட்பவர்களுக்குச் சிறிய ஸ்பீக்கர்களே பெரும்பாலும் போதும். தொடக்ககால இசையை விரும்பி வாங்குபவர்கள், பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்ப்பதைவிட, ஒலியளவு 3 டெசிபலுக்கு மேல் குறையாமல் எந்த அதிர்வெண் வரை அது இறங்குகிறது என்று கேட்டறிவது நல்லது. 35 ஹெர்ட்ஸுக்கு மேலேயே நின்றுவிடும் பெட்டியை இந்த இசைக்காக நான் பரிந்துரைக்க மாட்டேன்.