ஒரே ஹப் மோட்டார், மூன்று சைக்கிள்கள்

பெட்டியின் மேல் "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று அச்சடித்திருந்தது. உள்ளே 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து சைக்கிளை ஓட்டும் மின்மோட்டார், ரிம்மில் ஸ்போக் கட்டியே வந்தது. ஆக்சில் 12 மில்லிமீட்டர் தடிமன். ஃபிரேமில் ஆக்சில் செருகும் பிளவான காடியில் உட்காரும் இடத்தில் மட்டும் இருபக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள். இந்த ஒன்றரை வருடத்தில் இதே மாடல் மோட்டாரை மூன்று சைக்கிள்களில் மாட்டிவிட்டேன்: என் அலுமினிய மவுண்டன் பைக், அப்பாவின் பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள், அக்காவின் கியர் இல்லாத சைக்கிள். மோட்டார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டியில் இருக்கும் அந்த வரியை மட்டும் நம்ப வேண்டாம்.

மோட்டாருக்குள் நைலான் பல்சக்கரங்களும் ஒரு கிளட்ச்சும் இருக்கின்றன. பவரை அணைத்துவிட்டு மிதித்தால் மோட்டார் இழுப்பதே தெரியாது. மேட்டில் ஏறும்போது மெல்லிய முனகல் கேட்கும், அவ்வளவுதான். மூன்றுமே இன்றுவரை ஓடுகின்றன.

மவுண்டன் பைக்கில் பின் காடிகளுக்கு இடையே 135 மி.மீ., மோட்டாரும் 135. அளந்து பார்த்துவிட்டு நிம்மதியாகச் செருகினேன், ஆனாலும் இரண்டு இடத்தில் இடித்தது. இடப்பக்கம் மோட்டார் மூடி டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரை உரசியது. டிஸ்க்குக்கு அடியில் 1 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்து, காலிப்பரையும் கொஞ்சம் வெளியே தள்ளினேன். வலப்பக்கம் ஃப்ரீவீலின் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயின் வந்ததும் ஃபிரேமில் தட்டியது. ஆக்சிலின் அந்தப் பக்கம் 2 மி.மீ. வாஷர் ஒன்று போட்டேன். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் 2 மி.மீ. சேர்த்தால் ரிம் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகிவிடும். வலப்பக்க ஸ்போக்குகளைக் கொஞ்சம் இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்தி, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுத்த பிறகுதான் வேலை முடிந்தது. அலுமினிய ஃபிரேமை இந்த 2 மி.மீட்டருக்கு மேல் விரிக்க எனக்குத் துணிவில்லை. ஸ்டீல் வளைந்து கொடுக்கும், அலுமினியம் விரிசல் விடும்.

அப்பாவின் சைக்கிளில் பின்பக்கம் 126 மி.மீ.தான். 9 மி.மீ. விரிக்க வேண்டும், பக்கத்துக்கு நாலரை. ஸ்டீல் என்பதால் துணிந்தேன். நீளமான மரையுள்ள கம்பி ஒன்றை இரு காடிகளுக்கும் நடுவே கொடுத்து, உள்பக்க நட்டுகளைச் சுற்றிச் சுற்றி விரித்தேன். 135-ல் நிறுத்தினால் விட்டதும் சுருங்கிவிடும், அதைத் தாண்டிப் போய்தான் திரும்ப விட வேண்டும். அப்புறம் முன்னால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் டியூபைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி இரு காடிகளுக்கும் இழுத்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் சீட் டியூபிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் அதிகம் வளைந்திருந்தது, அதைத் தனியாகச் சரி செய்தேன். விரித்த பிறகு காடித் தகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது, அவற்றையும் ஸ்பானரால் மெதுவாகத் திருப்பி நேராக்க வேண்டும். இல்லையென்றால் நட்டு சாய்வாகத்தான் உட்காரும். ஒரு முழு நாள் போனது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் சைக்கிளில் பின்பக்கம் வெறும் 110. அதை 135 ஆக்க நினைப்பதே தவறு. அதனால் இதே மோட்டாரின் முன்சக்கர வடிவத்தை வாங்கினேன். அது 100 மி.மீ., முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் 100. ஃபோர்க் ஸ்டீல். அலுமினிய, மெக்னீசிய, கார்பன் ஃபோர்க்காக இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். காடி 9 மி.மீ., ஆக்சிலின் சீவிய இடம் 10. ஆக்சிலைச் சீவினால் அதன் பலம் போய்விடும், ஆகவே காடியைத்தான் அரத்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. ராவினேன். சக்கரம் பொருந்தியது. நட்டை நன்றாக இறுக்கினேன்.

பதினாறாவது நாள் ஒரு மேட்டில் நின்ற இடத்திலிருந்து அக்கா த்ராட்டிலைத் திருகியதும் ஆக்சிலே சுற்றிவிட்டது. வயர் ஆக்சிலோடு முறுக்கிக்கொண்டு அறுந்தது. அவள் காலை ஊன்றிக்கொண்டாள், நல்லவேளை. கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன் ஃபோர்க்கின் காடியைச் சுற்றி, சக்கரம் நழுவாமல் இருக்க ஒரு சின்ன விளிம்பு உண்டு. மோட்டாரோடு வந்த வாஷர் அந்த விளிம்புக்குள் இருக்கும் பள்ளத்தைவிடப் பெரியது. உள்ளே இறங்காமல் விளிம்பின் மேலேயே நின்றிருக்கிறது. கைக்கு நட்டு இறுகியதாகத் தெரிந்தது, உண்மையில் வாஷர் விளிம்பைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. விற்றவர்களிடம் கேட்டால், நட்டை நான் சரியாக இறுக்கவில்லை என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆக்சில் சுற்றாமல் பிடித்துக்கொள்ள, கூடவே கொடுத்த டார்க் ஆர்மும் மெல்லிய தகடு, ஆக்சிலில் மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் சக்கரத்தை 30 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் ஆக்சிலில் விழும். அதை மையத்திலிருந்து 6 மி.மீ. தூரத்தில் காடியின் உதடே தாங்க வேண்டுமென்றால் 5000 நியூட்டன், அதாவது அரை டன் எடைக்குச் சமம். அதையே 10 செ.மீ. நீளமுள்ள ஒரு டார்க் ஆர்ம் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு தாங்கினால் 300 நியூட்டன் போதும். 6 மி.மீ. தடிமன் ஸ்டீலில், ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் டார்க் ஆர்ம் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன். பள்ளத்துக்குள் சரியாக இறங்கும் சிறிய வாஷரும் போட்டேன். வயர் வெளியே வரும் பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்து, மழைநீர் வழிந்தோட ஒரு வளைவும் விட்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதம், ஒரு தொல்லையும் இல்லை.

ஆக, மோட்டாரைத் தாராளமாக வாங்கலாம். முதலில் வெர்னியர் அளவுகோலை எடுத்து காடிகளின் இடைவெளியையும் காடியின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். 142 அல்லது 148 மி.மீ. த்ரூ ஆக்சில் ஃபிரேம் என்றால் இது வேண்டாம். அங்கே காடியே இல்லை, துளைதான் இருக்கும். டார்க் ஆர்முக்குத் தனியாகச் செலவு வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் வருவதை மாட்டாதீர்கள்.

அக்காவின் ஃபோர்க்கில் நட்டுக்கும் டார்க் ஆர்முக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். தினமும் காலையில் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்புகிறாள்.