பீரோ மேலிருந்த சிடி ஃபிலிம்

மதுரைக்குப் போன மூன்றாம் நாள், விடாமல் இருமிய அப்பாவுக்கு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தோம். காலை பத்து மணிக்குப் போனோம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ரிப்போர்ட் கையில். லண்டனில் இதே ஸ்கேனுக்கு நான் ஆறு வாரம் காத்திருந்தவன். ஊரை நினைத்துப் பெருமையாக இருந்தது, கவரைப் பிரிக்கும் வரை.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் 7 மி.மீ. முடிச்சு. புற்று இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்று கவுண்டரில் சொன்னதோடு சரி. டாக்டர் வருவதே சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுவரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சித்தப்பா வேலூருக்கு ரயில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

ரிப்போர்ட் எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்புக்குப் பின்னால் மறைந்துபோகும் புள்ளியைக்கூட சிடி காட்டிவிடும். ஆனால் அது புற்றா, ஆறிப்போன காசநோய்த் தழும்பா என்பது படத்தை மட்டும் வைத்துப் பல நேரம் தெரியாது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய படம் வேண்டுமே! "முன்னால எடுத்திருக்கீங்களா?" என்று அந்த சென்டரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் ஆறவில்லை.

1971-ல் உலகத்திலேயே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி எடுத்தது லண்டனில், விம்பிள்டன் ஆஸ்பத்திரி ஒன்றில். அந்த ஊரிலிருந்து வந்த எனக்கும் பழைய படத்தைத் தேடத் தோன்றவில்லை. அங்கே என் பழைய படமெல்லாம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே இருக்கும், நான் எதையும் தேடியதில்லை. அம்மாதான் சொன்னாள்: "கொரோனாவுல எடுத்தோமேடா, பீரோ மேல இருக்கு பாரு."

2021-ல் இரண்டாம் அலையின்போது ஊரே வரிசையில் நின்று எடுத்த சிடி. ஜவுளிக்கடைப் பையில் பழைய காலண்டர்களோடு சுருட்டி வைத்திருந்தாள். ஓரம் ஒட்டிக்கொண்டிருந்ததை மெதுவாகப் பிரித்தேன்.

டாக்டர் இரண்டு ஃபிலிமையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பேனா முனை இங்கும் அங்கும் நின்றது. "அப்பவே இருக்கு. அதே அளவு. இந்த மாதிரி கெட்டியான முடிச்சு ரெண்டு வருஷம் வளராம இருந்தாலே பெரும்பாலும் பயமில்லை. இது நாலு வருஷம்."

அப்புறம் அப்பாவின் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பிரஷருக்குப் போடும் அந்த மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்குமாம், மாற்றி எழுதினார். மூன்று வாரம் கழித்து நான் விமானம் ஏறும்போது இருமல் பாதியாகக் குறைந்திருந்தது.