கடற்காற்றில் பழைய மரம்: எந்தப் பூச்சு மூன்று மாரி தாங்கியது?

திருகோணமலைக் கரையோர வீடுகளின் செதுக்குக் கதவுகள், கோயில் வாகனங்கள் ஆகியவற்றில் மூன்று மாரியும் மூன்று கச்சானும் (வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலம்) கடந்த பூச்சுகள் பற்றிய பகிர்வு இது.

பொலியூரித்தேன் வார்னிஷைப் பழைய மரத்துக்குப் பூசவே வேண்டாம். மாரியில் மரம் ஈரம் குடித்து வீங்கும், கச்சான் அடிக்கச் சுருங்கும். தடித்த படலம் அதற்கு ஈடுகொடுக்காமல் பொருத்துகளில் வெடிக்கும். வெடிப்பால் இறங்கிய மழைநீர் படலத்துக்குள்ளேயே தங்கி, மேலே பளபளப்பு இருக்க உள்ளே மரம் உக்கிவிடும். சுரண்டி எடுத்தால் பழைய வர்ணமும் கூடவே போய்விடும்.

லின்சீட் எண்ணெய் மெல்ல மெல்லக் கறுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் ஊறப் போடுங்கள். சிலேன் என்ற சிலிக்கன் சேர்ந்த நீர்த்தடுப்புத் திரவம் நீரை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் மரத்தோடு இரசாயனமாகப் பிணைந்துவிடுவதால் பிறகு எடுக்க வழியில்லை. புதிதாக மாற்றும் பலகைக்கு மட்டும் சரி.

நிலைத்தது நுண்படிக மெழுகுதான் (பெற்றோலியத்திலிருந்து எடுக்கும், மிகச் சிறு படிகங்கள் கொண்ட மெழுகு). வர்ணம் உதிரும் இடங்களில் முதலில் பரலொயிட் பி-72 என்ற அக்கிரிலிக் பிசின்: 100 மில்லிலீற்றர் அசிற்றோனுக்கு 5 கிராம். மணிகளை மெல்லிய துணியில் கட்டி, மூடிய கண்ணாடிப் போத்தலில் தொங்கவிட்டால் ஓரிரவில் கரையும். ஈரக்காற்றுள்ள நாளில் பூசினால் அசிற்றோன் சட்டென ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, ஈரம் படிந்து வெண்மை பூக்கும். அப்படியான நாளில் மெதுவாக ஆவியாகும் தொலுவீன் நல்லது. பி-72இன் மேல் வைற் ஸ்பிரிட்டில் (பெயின்ற் கலக்கும் பெற்றோலியக் கரைப்பான்) குழைத்த மெழுகுப் பசையை மெல்லத் தேய்த்து, அரை மணி கழித்துப் பருத்தித் துணியால் துடையுங்கள். பி-72 வைற் ஸ்பிரிட்டில் கரையாது. அதனால் மெழுகை எடுத்துத் திரும்பப் பூசினாலும் அடிப்படை கலையாது. வெயில் நேரே விழும் கதவுக்கு பி-72 வேண்டாம். 40 பாகை செல்சியஸ் அளவில் அது இளகித் தூசியை ஒட்டிக்கொள்ளும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, உப்பை எடுக்காமல் பூசுவது. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும். கச்சானில் மறுபடி படிகமாகிப் பூச்சைக் கீழிருந்து கிளப்பும். முதலில் உலர் பிரஸ், பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி. மரத்தை நனைக்கக் கூடாது. வர்ணம் துணியில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். மரத்தின் ஈரம் ஈரமானியில் 15 வீதத்துக்குக் கீழே வந்த பிறகே பூச்சு. யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை, நிழலில், அதற்கேற்ற காலம்.

பலகையின் வெட்டுமுனைகளுக்கு மூன்று தரம் பூசுங்கள். கதவைக் கழற்றி அடிப்பக்கத்துக்கும் பூசாவிட்டால் பயனில்லை. தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னொரு மாரி தாங்கும். பரவி ஊறினால் மெழுகு மட்டும் புதுப்பியுங்கள். கறையான் இந்தப் பூச்சு எதற்கும் அடங்காது. வாகனங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.