ரெய்ஸ்டு பெட் போட அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வாளி மண் கேளுங்கள்

கனடாவில் டொரன்டோ, மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் பனி கரையத் தொடங்கியதுமே தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். சிடார் மரத்தில் ரெய்ஸ்டு பெட் (பலகை அடித்து உயர்த்திய பாத்தி), காய்கறிக்கு ஏற்ற மண், உரம், கூலி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்பார்கள். போன வருடம் அப்படி விளம்பரம் போட்ட ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், தோட்டமே போனது. இந்த ஊரில் கத்தரியும் வெண்டையும் வெளியில் வளர நமக்குக் கிடைப்பதே மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். அதை ஒருவர் பாழாக்கிவிட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதே போல இன்னும் சில வீடுகளில் நடந்திருப்பது தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் கேட்டது 4 அடிக்கு 8 அடியில், ஓரடி உயரத்தில் மூன்று பாத்திகள். அவர் நேரில் வந்து அளந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். அம்மாவிடம் ஊர்க்கதை பேசினார். "அக்கா, நீங்க கன்னு மட்டும் ரெடி பண்ணுங்க, மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்றார். சிடார் பலகை, காய்கறித் தரத்து ட்ரிப்பிள் மிக்ஸ் (மேல்மண், பீட், மக்கிய உரம் மூன்றும் கலந்த மண்), மொத்தம் 1,450 டாலர் என்று ஒரு பக்கத்தில் எஸ்டிமேட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாதி அட்வான்ஸ். அந்த ஒரு பக்கத்தாளைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் எவ்வளவு உதவியது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் வேலை நடந்தது. பலகை பார்க்கச் செம்பழுப்பாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிடாருக்கென்று ஒரு வாசனை உண்டு, அது துளியும் இல்லை. சாவி முனையால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். பழுப்புச் சாயம் தூளாக உதிர்ந்து, அடியில் வெள்ளை வெளேரென்று மரம் தெரிந்தது. சாதாரண ஸ்ப்ரூஸ் பலகைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஈர மண்ணோடு ஒட்டியிருக்கும் இந்த மரம் சில வருடங்களிலேயே உளுத்துவிடும், சிடார் அதைவிட நீண்ட காலம் தாங்கும். விலையில் இருக்கும் வித்தியாசமும் அதற்குத்தான்.

அடுத்தது மண் கணக்கு. இதை எல்லோரும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பெருக்கல் எட்டு பெருக்கல் ஒன்று, 32 கன அடி. மூன்று பாத்திக்கு 96. ஒரு கன யார்டு என்பது 27 கன அடி. ஆக மூன்றரை யார்டுக்குச் சற்று மேலே. மண் அமுங்கும் என்று சேர்த்து வாங்கினாலும் நாலு யார்டு தாராளம். அவர் பில்லில் எழுதியது ஆறு யார்டு. மொத்தத் தொகை 1,890 டாலர். ஏன் என்று கேட்டதற்கு, "மண்ணு நிறைய இழுத்துடுச்சு அக்கா" என்றார். அப்போது மண் டிரைவ்வேயில் குவிந்து கிடக்கிறது, மழை தூறுகிறது, முழுப் பணமும் வந்தால்தான் அள்ளிப் போடுவோம் என்று ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க வழியில்லை. பணத்தை அனுப்பினோம்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். மண்ணில் இருந்ததுதான் உண்மையான கேடு.

நன்றாக மக்கிய உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். இந்தக் குவியலில் கையை விட்டால் உள்ளே சூடு, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி, அங்கங்கே மக்காத வைக்கோல் இழைகள். குதிரை லாயத்து எரு கலந்தது, செடிக்கு ரொம்பச் சத்து என்றார். மே கடைசிவாக்கில் வரும் விக்டோரியா டே விடுமுறை கழிந்து, உறைபனி பயம் நீங்கியதும், மார்ச்சிலிருந்து ஜன்னலோரத்தில் வளர்த்த தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நட்டோம். ஒரு பாத்தியில் பீன்ஸ் விதை, ஓரமாகச் சோளமும் வெங்காயமும்.

ஜூன் நடுவில் தக்காளிக் கொழுந்து விரிவதை நிறுத்திவிட்டது. அடி இலைகள் ஒழுங்காக இருந்தன. நுனி மட்டும் பெரணிச் செடியின் இளங்கொழுந்து போல உள்பக்கமாகச் சுருண்டு, இலை ஊசியாய்க் குறுகி, நரம்புகள் நெருக்கமாக வரிவரியாக ஓடின. தண்டு தடித்து முறுக்கிக்கொண்டது. பீன்ஸ் இலைகள் கிண்ணமாகக் குவிந்து சுருங்கின. பூ வந்து உதிர்ந்தது. ஆனால் அதே பாத்தியில் சோளமும் வெங்காயமும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தன.

போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார். தண்ணீர் அதிகம். அப்புறம் வைரஸ். அப்புறம் கால்சியம் குறைவு, அதற்கு அவரிடமே 40 டாலரில் ஒரு திரவம் இருக்கிறதாம். அதை மட்டும் வாங்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடிக்க வழி சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். முப்பது வருடமாக இங்கே தோட்டம் போடுபவர். "பிள்ளை, நீர் இந்த மண்ணில பயற்றங்கொட்டை போட்டுப் பாரும்" என்றார், பீன்ஸ் வகை விதையைத்தான் அப்படிச் சொன்னார். மூன்று தொட்டியில் பாத்தி மண், மூன்று தொட்டியில் கடையில் மூட்டையாக வாங்கிய பாட்டிங் மண். ஒரே பாக்கெட் விதை, ஒரே ஜன்னல், ஒரே தண்ணீர். மூன்று வாரத்திற்குள் பதில் கிடைத்துவிட்டது. கடை மண்ணில் இலை தட்டையாக விரிந்தது, பாத்தி மண்ணில் முளைத்த செடிகளில் இலை சுருண்டே வந்தது. எங்களிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. பாத்தியில் இடமில்லாமல் கடை மண் தொட்டியில் வைத்த நாற்றுகள், அதே தட்டில் வளர்ந்தவை, காய்த்துத் தொங்கின. நாற்றிலேயே வைரஸ் என்றால் அவையும் சுருண்டிருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ தெளித்த மருந்து காற்றில் வந்தது என்றால் தொட்டிச் செடிகளும் தப்பியிருக்காது.

இது களைக்கொல்லி வேலை. அமினோபைராலிட், குளோபைராலிட் என்று சில மருந்துகளை மேய்ச்சல் நிலத்திலும் தானிய வயலிலும் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது, அகன்ற இலை இல்லாத சோளமும் வெங்காயமும் எங்கள் பாத்தியில் பிழைத்ததும் அதனால்தான். அந்தப் புல்லைக் குதிரை தின்றால் குதிரைக்கும் ஒன்றும் ஆகாது, மருந்து அப்படியே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்துவிடும். எருக்குழியில் மக்கினாலும் சீக்கிரம் சிதையாது. நூறு கோடியில் சில பங்கு என்ற அளவே தக்காளிக்கும் பீன்ஸுக்கும் போதும். 2008-இல் இங்கிலாந்தில் ஏராளமான வீட்டுத் தோட்டங்கள் இதே போல எருவால் பாழாகி, அமினோபைராலிட் விற்பனையையே அங்கே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரத்து எருவில் குளோபைராலிட் கலந்திருந்ததும் பழைய கதைதான். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் 2009-லேயே களைக்கொல்லிக்குத் தடை வந்துவிட்டதே என்று எங்களிடமும் சிலர் சொன்னார்கள். அந்தத் தடை வீட்டுப் புல்வெளியின் அழகுக்காகத் தெளிப்பதற்கு. விவசாயத்துக்கு விலக்கு உண்டு. சாதாரண மண் பரிசோதனையிலும் இது தெரியாது. அது அமிலத்தன்மையும் சத்தும்தான் பார்க்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பீன்ஸ் சோதனையை நடுவதற்கு முன்னால் செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு வாளி மண் கேளுங்கள், குவியலின் நாலைந்து இடத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். ஏப்ரலில் ஜன்னலோரத்தில் பீன்ஸோ பட்டாணியோ போட்டால், மே நடுவுக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். எப்படியும் விக்டோரியா டே வரை வெளியில் நட முடியாது, ஒரு நாளும் வீணாகாது. தொட்டிகளுக்குத் தனித்தனித் தட்டு வையுங்கள், ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. எரு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, அங்கே வைக்கோலுக்கு என்ன தெளித்தார்கள் என்றும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி ஒரு வாளி மண் தரத் தயங்க மாட்டார். இந்த வருடம் நாங்கள் வாங்கிய இடத்தில் சிரித்துக்கொண்டே இரண்டு வாளி கொடுத்தார்கள்.

சரி, பணம் என்ன ஆனது? ஒன்டாரியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தோம். ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் இருந்தால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் கணக்கில் 1,595 தான் உச்சம். பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை ஓராண்டுக்குள் எழுத்தில் ரத்து செய்யவும் இடம் இருக்கிறது. கையெழுத்திட்ட எஸ்டிமேட், சுரண்டிய பலகையின் படம், தொட்டிகளின் படம் எல்லாம் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். அதுவரை போனே எடுக்காதவர், எஸ்டிமேட்டுக்கு மேல் வாங்கிய 440 டாலரை அந்த வாரமே திருப்பி அனுப்பினார். மரத்துக்கும் மண்ணுக்கும் ஒரு காசு தரவில்லை. அதற்காகச் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகிறோம்.

பாத்தி மண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை, அந்தச் செடிகளை எருக்குழியிலும் போடவில்லை, போட்டால் அந்த எருவும் கெட்டுவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாக மருந்தைச் சிதைக்கும் என்பதால் அடிக்கடி கிளறி விடுகிறோம். இந்த வருடம் அதில் சோளம் மட்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் பீன்ஸ் போட்டுப் பார்த்து, இலை தட்டையாக வந்த பிறகுதான் தக்காளி.

அந்த நபர் இந்த ஏப்ரலில் வேறு பெயரில், வேறு எண்ணில், அதே படங்களோடு விளம்பரம் போட்டிருக்கிறார். ஒன்டாரியோவில் உங்கள் வீட்டுக்கு வந்து யாராவது ஒப்பந்தம் போட்டு, அதன் எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாள் இன்னும் முடியவில்லை என்றால், காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். மனதில் சந்தேகம் இருந்தால் இன்று இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், அனுப்பியதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.