எக்ஸ்-மென் படங்கள் பதின்மூன்று: எது மேலே, எது கீழே, ஏன்

2000-ல் தொடங்கி 2020 வரை ஃபாக்ஸ் ஸ்டுடியோ கணக்கில் வந்த எக்ஸ்-மென் படங்கள் மொத்தம் 13. இவற்றை வரிசைப்படுத்த வசூலும் உதவாது, விமர்சன மதிப்பெண்ணும் உதவாது. ஒரே ஒரு சோதனை போதும். முக்கியமான ஆக்‌ஷன் காட்சியில் இருக்கும் ஆளைத் தூக்கிவிட்டு, வேறொரு மியூட்டன்ட்டை (பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட ஆளை) அங்கே நிறுத்திப் பாருங்கள். காட்சி அப்போதும் ஓடினால் படம் கீழே. அந்த ஆள் இல்லாமல் நகராது என்றால் மேலே.

இந்தச் சோதனையில் ‘எக்ஸ் 2’ (2003) கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு வாங்குகிறது. உலோகத்தை ஆட்டிவைக்கும் மேக்னீட்டோவைப் பூட்டி வைத்திருப்பது உலோகமே இல்லாத பிளாஸ்டிக் சிறையில். அவனால் எதையும் அசைக்க முடியாது. அவன் கூட்டாளி, உருமாறும் மிஸ்டிக் என்ன செய்கிறாள்? காவலாளியை மதுக்கடையில் மடக்கி மயக்கி, அவன் உடம்பில் இரும்பை ஊசியில் ஏற்றி அனுப்புகிறாள். மறுநாள் அவன் சிறைக்குள் கால் வைத்ததும் மேக்னீட்டோவுக்குத் தெரிந்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து பொடிப்பொடியாக இரும்பு வெளியே வந்து மூன்று சிறு குண்டுகளாகத் திரள்கிறது. அவைதான் ஆயுதம். அவற்றில் ஒன்று தட்டையாகி, அவன் ஏறி நிற்கும் பலகையும் ஆகிறது. வெடி, கட்டடச் சரிவு எதுவும் இல்லை. சக்தி, அதன் எல்லை, அந்த எல்லையைத் தாண்டும் தந்திரம், அதோடு அந்த ஆளின் ஈவிரக்கமின்மை, எல்லாம் சில நிமிடங்களில் முடிகிறது. வெள்ளை மாளிகைக்குள், மறைந்து மறைந்து தோன்றும் நைட்கிராலர் புகுந்து விளையாடும் தொடக்கக் காட்சியும் இதே தரம். குறை என்றால் ஆல்கலி ஏரிக் கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளம்.

அப்படியிருந்தும் முதலிடம் ‘லோகன்’ (2017) படத்துக்குத்தான். ‘எக்ஸ் 2’ சக்தியைத் தந்திரமாகக் காட்டியது. இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்ட் அதையே நோயாக மாற்றினார். வுல்வரின் என்கிற லோகனின் எலும்பில் ஏற்றிய அடமான்டியம் என்ற உலோகம் அவனையே விஷமாகக் கொல்கிறது. காயங்கள் முன்போல ஆறுவதில்லை. உலகின் பலம்வாய்ந்த மூளை, பிறர் மனதுக்குள் புகும் எக்ஸ்-மென் தலைவர் சேவியருடையது, அந்த மூளைக்கு இப்போது மறதி நோய். வலிப்பு வந்தால் சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் உறைந்துபோகிறார்கள். சூதாட்ட விடுதிக் காட்சியில் துப்பாக்கி நீட்டியபடி நிற்கும் ஆட்களுக்கு நடுவே லோகன் ஒவ்வோர் அடியாகத் தன்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேவியருக்கு ஊசி போட வேண்டும். ஆக்‌ஷன் காட்சி என்று பார்த்தால் ஒருவர் அறையைக் கடப்பது மட்டுமே. தழுவல் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படம் இது என்பதில் வியப்பில்லை. இரண்டாம் பாதியில் லோகனின் நகலாக வரும் எக்ஸ்-24 மட்டும் சறுக்கல். அவனுக்குக் குணம் என்று ஒன்றே இல்லை.

மூன்றாம் இடத்துக்கு ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ (2011), ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (2014) இரண்டுக்கும் போட்டி. பெரும்பாலான ரசிகர்கள் இரண்டாவதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். பென்டகன் சமையலறையில் மின்னல்வேக மியூட்டன்ட் குவிக்சில்வர் தோட்டாக்களை விரலால் தள்ளிவிட்டு, பறக்கும் சூப்பைத் தொட்டுச் சுவைக்கும் அந்தக் காட்சிக்காகவே. அருமையான காட்சிதான். ஆனால் அது முடிந்ததும் கதை அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பாரிஸுக்கு அவனையும் கூட்டிப்போயிருந்தால் மீதிப் படமே தேவைப்பட்டிருக்காது! திரைக்கதையில் பெரிய ஓட்டை அது. ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ படத்தில் அப்படி யாரையும் ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின் நடுவே, வில்லன் ஷாவின் மனதை சேவியர் பிடித்து நிறுத்தியிருக்க, மேக்னீட்டோ ஒரு நாணயத்தை அவன் நெற்றிக்குள் மெதுவாகச் செலுத்துகிறான். வலி சேவியருக்கும் போகிறது. இரண்டு சக்திகள், ஒரு கொலை, ஒரு நட்பின் முறிவு, எல்லாம் ஒரே காட்சியின் ஓட்டத்தில். அதனால் மூன்று ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’, நான்கு ‘டேஸ்’.

‘டேஸ்’ படத்துக்கு ‘ரோக் கட்’ என்று 17 நிமிடம் கூடுதலான பதிப்பு உண்டு. முதல்முறை பார்ப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். ரோக் என்ற மியூட்டன்ட்டை மீட்கும் கிளைக்கதை கடைசிக் கட்டத்தின் வேகத்தை நன்றாகவே குறைக்கிறது.

ஐந்து ‘டெட்பூல்’ (2016). 5.8 கோடி டாலர் பட்ஜெட், உலக வசூல் சுமார் 78 கோடி. கிளைமாக்ஸுக்கு முன் நாயகன் துப்பாக்கிப் பையை டாக்ஸியில் மறந்துவிட்டு வருவது காசு மிச்சம் பிடிக்க எழுதிய ஜோக். படத்தின் சிறந்த ஜோக்குகளில் ஒன்றாக அமைந்தது. ஆறு, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த 2000-ம் ஆண்டுப் படம். சண்டைகள் இன்று பழசாகத் தெரியும், பாத்திரங்கள் தெரியாது. ஏழு ‘தி வுல்வரின்’ (2013): ஜப்பானில் நடக்கும் முதல் பாதி நல்ல குற்றக்கதை, கடைசி அரைமணி நேரம் ரோபோ சண்டை. எட்டு ‘டெட்பூல் 2’.

இனி கீழ்ப்பாதி. இங்கே ஒரு வினோதம். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே, சக்தி கட்டுக்கடங்காமல் போய் டார்க் ஃபீனிக்ஸ் ஆகும் கதையை இருமுறை எடுத்து இருமுறையும் சொதப்பினார்கள். 2006-ல் ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’, 2019-ல் ‘டார்க் ஃபீனிக்ஸ்’. இரண்டின் எழுத்திலும் சைமன் கின்பெர்க்கின் கை உண்டு. இரண்டாவதை அவரே இயக்கினார். முதலாவதன் கோளாறு நெரிசல். மியூட்டன்ட்களைக் குணப்படுத்தும் மருந்து என்ற தனிக்கதையோடு ஃபீனிக்ஸையும் திணித்து 104 நிமிடத்தில் முடித்தார்கள். ஜீனின் காதலன் சைக்ளாப்ஸ் தொடக்கத்திலேயே திரைக்கு வெளியே செத்துப்போகிறான். கோல்டன் கேட் பாலம் பெயர்ந்து போகும்போது பகல், அல்கட்ராஸில் இறங்கியதும் திடீரென்று இரவு. இரண்டாவதன் கோளாறு நேர் எதிர்: போதிய முன்கதை இல்லை. சோஃபி டர்னரின் ஜீனை அதற்குமுன் ஒரே படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அவள் கெட்டால் நமக்கென்ன? மறுபடி எடுத்துச் சேர்த்த ரயில் சண்டை மட்டும் தேறும். 20 கோடி டாலர் செலவு, வரவு சுமார் 25 கோடி. விளம்பரச் செலவையும் சேர்த்தால் பெருநஷ்டம். இரண்டில் ‘லாஸ்ட் ஸ்டாண்ட்’ ஒரு படி மேல், ஒன்பது. அந்த ஜீனையாவது நமக்குத் தெரியும்.

பத்து ‘அபோகலிப்ஸ்’ (2016). சோதனையில் தோற்பதற்குச் சரியான உதாரணம்: கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் எதையாவது பீய்ச்சுகிறார்கள். யாரை மாற்றி நிறுத்தினாலும் தெரியாது. குவிக்சில்வர் காட்சியைப் பெரிதாக்கித் திரும்ப எடுத்தார்கள். பாட்டும் சிரிப்புமாக அவன் எல்லாரையும் காப்பாற்றுகிற அதே வெடிப்பில் ஹாவக் என்ற மியூட்டன்ட் செத்துப்போகிறான். சிரிப்பதா, அழுவதா என்று படத்துக்கே தெரியவில்லை. பதினொன்று ‘டார்க் ஃபீனிக்ஸ்’. பன்னிரண்டு ‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’, 2018 ஏப்ரலில் வர வேண்டியது, 2020 ஆகஸ்டில் வந்தது. அவ்வளவுதான்.

கடைசி இடம் ‘ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ (2009). வாயாடி டெட்பூலின் வாயைத் தைத்துவிட்ட படம். போர்களின் ஊடாகப் போகும் டைட்டில் பகுதியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். குளியலறையில் நகங்களை உரசிப் பார்க்கும் இடத்தில் கணினி வரைகலை ஒட்டவைத்தது போலத் தெரியும்.

பார்க்கும் வரிசை: வெளியான வரிசையே சரி, ஆனால் ஆறு போதும். ‘எக்ஸ்-மென்’, ‘எக்ஸ் 2’, பல்லைக் கடித்துக்கொண்டு ‘லாஸ்ட் ஸ்டாண்ட்’, பிறகு ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’, ‘டேஸ்’, ‘லோகன்’. மூன்றாவதைத் தவிர்த்தால் ‘டேஸ்’ முடிவில் சேவியரின் பள்ளியில் லோகன் யாரைப் பார்த்துத் திகைக்கிறான் என்பதன் கனம் புரியாது. ‘தி வுல்வரின்’ முழுதாக வேண்டாம் என்பவர்கள் அதன் எண்டு கிரெடிட் நடுவே வரும் விமான நிலையக் காட்சியை மட்டுமாவது பாருங்கள், ‘டேஸ்’ அங்கிருந்துதான் கிளம்புகிறது. ட்ராஸ்க் என்ற பாத்திரத்துக்கு ஒரு படத்தில் ஒரு நடிகர், இன்னொன்றில் வேறொருவர். 1962-க்கும் 1992-க்கும் இடையே மேக்னீட்டோவுக்கு வயதே ஏறவில்லை. இதையெல்லாம் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் படம் பார்த்த மாதிரிதான். 2024-ல் வந்த ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ மார்வெல் ஸ்டுடியோஸ் கணக்கு, இந்த வரிசையில் சேராது. ஆனால் அது லோகனின் கல்லறையைத் தோண்டித்தான் தொடங்குகிறது. ‘லோகன்’ பார்க்காமல் அதைப் போட வேண்டாம்.