பெட்டி இல்லாமல் விற்கப்பட்ட நாய் மருந்து: பூனை வளர்ப்போர் கவனத்திற்கு

சென்ற மாதம் மதுரையில், எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள செல்லப்பிராணிப் பொருள் கடையில் நான் வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்து, என் பூனையை ஒரே இரவில் உயிருக்குப் போராட வைத்துவிட்டது. மூன்று கிலோ எடையுள்ள அவளுடைய ரோமத்தைச் சீவும்போது உதிர்ந்த கருந்துகள்கள் ஈரத்தாளில் பட்டவுடன் சிவப்பாகக் கரைந்ததைக் கண்டு, அவை பூச்சியின் எச்சம் என்று தெரிந்துகொண்டுதான் கடைக்குச் சென்றேன்.

மேசைமேல் இருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து உதிரியாக ஒரு சிறு குழாயை எடுத்துக் கொடுத்த கடைக்காரர், "பூனைக்குப் பாதி போதும் அக்கா, மீதியை அடுத்த மாதம் போடுங்கள். சாமந்திப் பூவிலிருந்து எடுக்கிற மருந்துதான், ஒன்றும் செய்யாது" என்றார். முந்நூற்று இருபது ரூபாய், ரசீது கிடையாது. பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. அது என் தவறு, அதை மறைப்பதற்கில்லை.

மாலை ஏழு மணிக்குக் கழுத்தின் பின்புறம் பாதி மருந்தை இட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு அவள் காதுகள் துடிக்கத் தொடங்கின. சூடான தரையில் நிற்பவள் போலக் கால்களை உதறினாள். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. இரண்டரை மணிக்கு உடல் முழுவதும் நடுங்கியது. அப்போதுதான் கைப்பேசி வெளிச்சத்தில் குழாயின் பொடி எழுத்துகளைப் படித்தேன்: பெர்மெத்ரின், நாய்களுக்கு மட்டும்.

தொலைபேசியில் கிடைத்த கால்நடை மருத்துவர், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வெதுவெதுப்பான நீரில் மருந்து பட்ட இடத்தை உடனே கழுவச் சொன்னார். வெந்நீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டி நஞ்சை மேலும் உள்ளே இழுக்கும் என்பதால் அதைத் தொடக்கூடாது என்றும், குளித்தபின் உடல் குளிர்ந்துவிடாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்றும் எச்சரித்தார். இந்த நஞ்சுக்கு நேரடி முறிமருந்து கிடையாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் ஊசிகளோடும் நரம்பு வழி ஏற்றிய திரவத்தோடும் மூன்று நாள்கள் கழிந்தன. பிழைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் சொன்ன பூக்கதை பாதி உண்மை என்பதுதான் அதன் ஆபத்து. சாமந்தி இனச் செடி ஒன்றின் பூவிலிருந்து கிடைப்பது பைரெத்ரின். பெர்மெத்ரினோ அதன் சாயலில் ஆலையில் செய்யப்படும் செயற்கைப் பொருள். நாயின் கல்லீரல் அதை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலிலோ அதற்கு வேண்டிய நொதிச் செயல்பாடு மிகக் குறைவு. நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் 45 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதால், பாதிக் குழாய் என்பது பாதுகாப்பான அளவே அல்ல. மருந்திட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனையும், அதை நக்கும் பூனையும்கூடப் பாதிக்கப்படலாம்.

பூனைக்கென்றே விற்கப்படும் மருந்துகள் எல்லாம் ஆகாதவை என்று நான் சொல்லவில்லை. ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்றவற்றைப் பெரும்பாலான பூனைகள் தாங்கிக்கொள்கின்றன. இட்ட இடத்தில் முடி உதிர்வதும், நக்கிவிட்டால் கசப்பால் எச்சில் வடிவதும் நேரலாம். ஃப்ளூராலனர், சரோலனர் போன்ற ஐசாக்சசோலின் வகை மருந்துகள் சில விலங்குகளுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. ஆகவே, முன்பு வலிப்பு வந்த பூனை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் அந்தக் கடைக்குச் சென்றேன். "எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம், உங்கள் பூனைக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர், சமாதானமாக அமிட்ராஸ் புட்டி ஒன்றை எடுத்து வைத்து, தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொன்னார். மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் பயன்படுத்தும் அந்த மருந்து, பூனையை மயக்கத்தில் ஆழ்த்தி இதயத்துடிப்பையே குறைத்துவிடக் கூடியது. ஜாடியில் உதிரிக் குழாய்கள் அப்படியே இருந்தன.