பத்து ரூபாய் வைஃபை: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஊர் மளிகைக் கடையில் பிஎம்-வாணி என்ற அரசுத் திட்டத்தின் வைஃபை பெட்டி மாட்டி மூன்று வருடம் ஆகிறது. முதல் வாரத்திலிருந்தே நான் வாடிக்கை. மலையடிவாரத்து ஊர் இது. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டும், அதுவும் வந்து வந்து போகும்.

பிஎம்-வாணி, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடையோ மளிகைக் கடையோ, யார் வேண்டுமானாலும் ஒரு பிராட்பேண்ட் இணைப்பை வாங்கி இணையத்தைச் சில்லறையாக விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். எங்கள் கடையில் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். என் தங்கை நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மொத்தமாக ரீசார்ஜ் செய்ய அவளால் முடியாது, தேவைப்படுகிற அன்று மட்டும் கூப்பன் வாங்கிக்கொள்கிறாள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேகம் இல்லை, இந்தச் சில்லறைக் கணக்குதான். போன வருடம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்தோம். டவுனுக்குப் போகிற பஸ் செலவு மிச்சம்.

பெரிய தொல்லை ஓடிபி. முதல்முறை உள்ளே நுழையக் குறுஞ்செய்தி வர வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் அது எப்படி வரும்? போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினேன். எண் வந்தது. மூச்சிரைக்கக் கடைக்குத் திரும்பினால் நேரம் முடிந்திருந்தது. மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை தங்கை மகனைச் சைக்கிளில் அனுப்பித்தான் வேலை நடந்தது. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு மாற்று வழி கட்டாயம் வேண்டும். பணம் கட்டுவதும் அப்படித்தான். நெட் வாங்க ஜிபே, ஜிபேக்கு நெட்! கடை அண்ணன் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் போனில் கூப்பன் எடுத்துத் தருவதால் சமாளிக்கிறோம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்ததில் ஒருமுறை பதினோரு நாள் நெட் இல்லை.

இரண்டாம் வருடம் அண்ணன் பெட்டியைக் கழற்றிவிடுவதாகவே இருந்தார். இணைப்பு தந்த நிறுவனம், வணிகப் பயன்பாடு என்று சொல்லி விலை கூடிய லீஸ்டு லைனுக்கு, அதாவது நிறுவனங்கள் வாங்கும் தனி இணைப்புக்கு, மாறச் சொன்னது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ஆணை வந்தது: 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான ஃபைபர் இணைப்புக்கு, வீடுகளிடம் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் கடைகளிடம் வாங்கக் கூடாது. அப்புறம்தான் அண்ணன் மனசு மாறினார். இப்போது பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரியும் வைத்திருக்கிறார். கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது.